மூன்று ஷிப்ட் பார்த்த ஆய்வேடு

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது ஒரு சிவப்புக் கோடு. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கல்யாணமாகி, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்தவள் நான். மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரர் வயதாகி மகனோடு சென்னைக்குப் போனபோது கடை என் கைக்கு வந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங் மெஷின், தலையை ஆட்டாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மின்விசிறி. மாணவர்களின் பிராஜக்டை டைப் அடிக்கும்போது தப்பான சொல்லுக்கு அடியில் கம்ப்யூட்டர் சிவப்பாகக் கோடு போடும். கோடு மறையும்வரை எழுத்தை மாற்றி மாற்றி அடிப்பேன். பத்து வருஷம் அப்படிப் போனது. எந்த வாத்தியாரும் என்னிடம் அத்தனை பொறுமையாக இருந்ததில்லை.

பிறகு இன்டர்நெட்டிலேயே பிழை பார்த்துத் தரும் தளங்கள் வந்தன. ஆய்வேட்டை அப்படியே ஏற்றிவிட்டால் போதும், இங்கே 'the' போடு, அங்கே காற்புள்ளி போடு, இந்த வாக்கியம் நீளம், மூச்சு விடு என்று சொல்லும். இன்னொரு வகைத் தளம், நீ எழுதியதில் எத்தனை சதவீதம் அடுத்தவன் எழுதியது என்று கண்டுபிடித்துச் சொல்லும். பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டாவது வகையைப் பிடித்துக்கொண்டன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். அதன்பிறகு என் கடைக்கு வருகிற பிள்ளைகள் ஜுரம் பார்க்க வந்தவர்கள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். "அக்கா, எவ்ளோ காட்டுது?" என்பார்கள். சதவீதம் சொன்னால் ஒரு பெருமூச்சு வரும்.

கடைக்கு வருகிறவர்கள் பேசுவதில் நல்லதாக எது காதில் விழுந்தாலும் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு இன்ஜினியரிங் பையன், "நான் எழுதினதுல தப்பே இல்லக்கா, நான் எழுதாததுலதான் தப்பு காட்டுது" என்றான். அவனுடைய அம்மா பின்னால் நின்று, "எங்க வூட்டுல கம்ப்யூட்டர்தான் களைச்சுப் போவுது, இவன் அப்படியேதான் இருக்கான்" என்றாள். அந்தத் தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் வருகிற பேச்சுக்கெல்லாம் டின்னில் ஆதாரம் உண்டு.

இது ஒரு அப்பாவும் மகளும் என் கடைக்கு வந்த கதை.

அப்பா சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டர், பர்மனென்ட். நிலக்கரி ஓடுகிற கிலோமீட்டர் கணக்கான பெல்ட்டில் ஒரு பகுதி அவர் பொறுப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்று தெரிந்த முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். அதனால் அவர் மகளுக்கு நான் அத்தையாகிவிட்டேன். மகள் எம்.பில். படித்துக்கொண்டிருந்தாள். ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களின் வீட்டில் தூக்கமும் சமையலும் பிள்ளைகளின் விளையாட்டும் எப்படி மாறுகின்றன என்பது அவளுடைய ஆய்வு. எண்பது குவார்ட்டர்ஸ் ஏறி இறங்கி வினாப்படிவம் கொடுத்து வாங்கியிருந்தாள். இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

அவளுக்கு நாள் நெருக்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும், இரண்டு வருஷ உழைப்பும் போய்விடும். ஒரு கல்லூரியில் வேலைக்கு வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். ஆய்வேடு கொடுத்த ரசீதோடு வந்தால்தான் அந்த நாற்காலி. இதை அவள் என்னிடம் சொன்னது மிரட்டல் மாதிரி இருந்தது, கெஞ்சல் மாதிரியும் இருந்தது.

அப்பாவுக்கு ஒரு வழக்கம். சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தவர் வரும்போது, போகிறவர் பெல்ட்டின் நிலைமையை ரிஜிஸ்தரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சார்ஜ் கொடுக்கவேண்டும். வருகிறவர் பார்த்துவிட்டு, குறை இருந்தால் குறிப்பு எழுதிச் சார்ஜ் எடுக்கவேண்டும். முப்பது வருஷமாக அதையே செய்து அது அவருடைய உடம்பிலேயே ஏறிவிட்டது. வீட்டில் பால் பாக்கெட்டை வாங்கி உள்ளே கொடுப்பதற்குக்கூட அவர் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வார் என்று அண்ணி சொல்வார். அதாவது அவருடைய மனைவி. "என்னைக் கட்டிகினு வரும்போதும் எங்கப்பாகிட்ட இப்படித்தான் சுத்திச் சுத்திப் பாத்துட்டு வாங்கினாரு, குறிப்பு எழுதாததுதான் பாக்கி" என்று அண்ணி ஒருநாள் கடையில் வைத்தே சொன்னார். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

மகளின் ஆய்வேடு கடைக்கு வந்த அன்றே அவர் ஒரு நீள நோட்டை வாங்கி வந்து கோடு போட்டார். தேதி, நேரம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, கொடுத்தவர், எடுத்தவர், குறிப்பு. மகள் எழுதிக் கொடுப்பது ஏ ஷிப்ட். அவர் படித்துப் பார்ப்பது பி ஷிப்ட். நான் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிழை பார்ப்பது சி ஷிப்ட். மகள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு ஆபரேட்டரிடமிருந்து சார்ஜ் எடுத்த டவுன்ஷிப்பின் முதல் ஜெராக்ஸ்காரி நானாகத்தான் இருக்கவேண்டும்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். சுரங்கத்து சர்க்குலர்களைப் படித்துப் பழகியது. வேலை முடிந்து குளித்துவிட்டு, சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படிப்பார். இலக்கணத்தில் கை வைக்கமாட்டார், அது கம்ப்யூட்டரின் டிபார்ட்மென்ட். விஷயம் சரியா என்று மட்டும் பார்ப்பார். ரிஜிஸ்தரில் குறிப்புகள் சேர்ந்துகொண்டே போயின. மகள் அந்தக் குறிப்புப் பத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெல்ட்டுக்கு எழுதுகிற மாதிரி அப்பா எனக்கு எழுதுகிறார், அத்தை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் பிழை பார்த்த இலவசத் தளத்தில் ஒரு மின்னஞ்சலுக்கு மூன்று தடவைதான் பிழை பார்க்கலாம். மகளுடைய கணக்கு முதல் இரண்டு வாரத்திலேயே தீர்ந்தது. என்னுடையது அடுத்த வாரம் தீர்ந்தது. கடைசியாக முழு ஆய்வேட்டையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டால் முடிந்தது. அன்றைக்கு மகள் நூலகத்துக்குப் போயிருந்தாள். அண்ணன் பெஞ்சில் இருந்தார். மருத்துவ அட்டைக்காக அவருக்கு நான் எப்போதோ ஒரு மின்னஞ்சல் உண்டாக்கிக் கொடுத்திருந்தேன். அதில் ஏற்றலாமா என்று கேட்டேன். அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

பழைய தளம் நெட்வொர்க்கில் சுற்றிச் சுற்றி நின்றது. அதனால் அதே மாதிரி இன்னொன்றைத் திறந்தேன். பார்க்க இன்னும் பளபளப்பாக இருந்தது. உள்ளே போனதும் பெயர் கேட்டது. நான் மகளின் பெயரை அடிக்கப் போனேன். அண்ணன் என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"இப்போ இது யார் சார்ஜுல இருக்கு தங்கச்சி?"

"ரிஜிஸ்தர்படி உங்க சார்ஜுலதான் அண்ணே."

"அப்ப யார் பேரு போடணும்? பாப்பா நூலகத்துல உக்காந்துகினு இருக்கா. இங்க ஏதாவது ஆச்சுன்னா அவளா வந்து பதில் சொல்லுவா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் பெயரை அடித்தேன், இனிஷியலோடு. கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. அதன் முனையில் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால்தான் உள்ளே விடும். அண்ணன் குனிந்து பார்த்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எல்லாத் தளத்திலும் இருப்பதுதான் என்றேன். படித்தாயா என்றார். அண்ணே, இதையெல்லாம் உலகத்தில் ஒருத்தரும் படிக்கமாட்டார்கள் என்றேன். டிக் அடித்தேன். அவர் ரிஜிஸ்தரை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டார்.

பிழை சொற்பமாகத்தான் வந்தது. திருத்தினோம். மகள் மென்பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் பைண்டிங் அட்டையின் நிறம்கூட முடிவு செய்துவிட்டேன். கரும்பச்சை.

மூன்றாம் நாள் மகள் கடைக்கு வந்தாள். செருப்பை வெளியே விடாமல் நேராக உள்ளே வந்து என் முன்னால் போனை நீட்டினாள். அவளுடைய கைடு மேடத்திடமிருந்து வந்த மின்னஞ்சல். ஆய்வேட்டில் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் வேறொருவருடையது. அந்த வேறொருவரின் பெயர், அவருடைய ஆய்வேடு கிடைக்கும் இணைய முகவரி, எல்லாம் இருந்தன. கடைசி வரியை மேடம் தமிழில் எழுதியிருந்தார். "உன் அப்பாவிடமிருந்து நீ எடுத்துக்கொண்டது இனிஷியல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்."

முகவரியைத் தட்டினேன். பளபளப்பான அந்தத் தளம் திறந்தது. முழு ஆய்வேடும் உலகமே இறக்கிக்கொள்ளும்படி அங்கே இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் எங்கள் பெல்ட் ஆபரேட்டரின் பெயர். பக்கத்திலேயே, இதுவரை நாலு பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று வேறு போட்டிருந்தது. பொடி எழுத்துப் பத்தியைத் தேடிப் பிடித்து அன்றைக்குத்தான் படித்தேன். இலவசமாகப் பிழை பார்த்துத் தருகிறோம், அதற்குப் பதிலாக உங்கள் படைப்பை எங்கள் சேகரிப்பில் உங்கள் பெயரில் வெளியிட்டுக்கொள்வோம் என்று நல்ல இங்கிலீஷில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தது.

மகள் கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷம் அத்தை" என்று மட்டும் சொன்னாள். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அந்த நேரத்திலும் என் கண் அந்த நாலு பேர் மீதே இருந்தது. யாராக இருக்கும்?

அன்றைக்கு அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். டிக் அடித்தது நான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் தன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தார். சங்கடத்தோடு கொஞ்சம் வேறு எதுவோ அந்த முகத்தில் ஓடியது. அது பெருமை என்று நான் சொன்னால் அவர் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார். அண்ணி மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு படிச்சது போதும், இனிமே நீங்களே கல்லூரிக்கு வேலைக்குப் போங்க, நான் டிபன் கட்டித் தரேன்" என்றார்.

கைடு மேடம் மூன்று பேரையும் நேரில் வரச் சொன்னார். நாங்கள் பஸ்ஸில் போனோம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, மஞ்சள் பையில் ரிஜிஸ்தரை வைத்து, மடியிலிருந்து இறக்காமல் வந்தார். வழியெல்லாம் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மேடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று அப்பாவிடம் மூன்று தடவை சொன்னாள். அவர் மூன்று தடவையும் சரி என்றார்.

மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். மேசையில் ஒரு பிளாஸ்க், நாலைந்து ஆய்வேடு, எங்களுடையதின் மீது, சதவீத அறிக்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழுப்பு உறை. அண்ணனை உட்காரச் சொன்னார். நேராகவே கேட்டார், இதை நீங்கள் எழுதினீர்களா என்று.

"இல்லீங்க மேடம். நான் சார்ஜ்தான் எடுத்தேன்."

மேடத்துக்குப் புரியவில்லை. அண்ணன் விளக்கினார். பெல்ட்டிலிருந்து ஆரம்பித்தார். பெல்ட் கிழிந்தால் என்ன செய்வார்கள், யார் முதலில் கையெழுத்துப் போடுவார்கள் என்றெல்லாம் போனது. மகள் தரையைப் பார்த்தாள். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, ஆய்வேட்டில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்றார். எழுதாதவர் என்றால் திணறுவார் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அங்கேதான் எங்கள் நிலைமை மோசமானது.

"சி ஷிப்ட், அதான் ராத்திரி வேலை வர்ற வாரத்துல எங்க வூட்டுல குக்கர் வைக்கமாட்டாங்க மேடம், வடிச்ச சோறுதான். விசில் அடிச்சா முழிச்சிகினு மறுபடி தூக்கம் வராது. காலிங் பெல்லுக்குள்ள பஞ்சு வெச்சிருப்போம். எங்க தெருவுல கேட்டு மேல சிவப்புத் துண்டு தொங்குனா உள்ள ஆளு தூங்குறான்னு அர்த்தம். கேஸ்காரன்கூட சிலிண்டரை உருட்டமாட்டான், தூக்கிகினு வந்து வெப்பான்."

மேடம் பேனாவை எடுத்து இதையெல்லாம் குறித்துக்கொண்டார். சிவப்புத் துண்டு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று மகளைக் கேட்டார். அது ஆய்வேட்டில் இல்லை மேடம் என்றாள் மகள், குரலே எழும்பாமல்.

"அப்ப உன்னைவிட உங்கப்பாவுக்கு அதிகமா தெரியுது. நான் எதுக்கும்மா உனக்கு கைடு?"

நான் நின்ற இடத்திலேயே குறுகிப் போனேன். வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது எழுதவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. அப்பாவுக்கோ நிறுத்தத் தெரியவில்லை. மேடம் நாலாம் அத்தியாயத்தைத் திறந்து, அட்டவணைகளைக் காட்டி, இந்தக் கணக்கைச் சொல்லுங்கள் என்றார்.

"அது எனக்குப் பூட்டுன ரூமு மேடம். பக்கத்தை எண்ணிப் பாத்து சார்ஜ் எடுத்தேன். உள்ள போகல."

மேடம் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனாலும் உறையை மூடவில்லை. கணக்குத் தெரியாமல்கூட இன்னொருவரை வைத்து எழுதியிருக்கலாம் இல்லையா என்றார். எழுதவில்லை என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி அண்ணன் மஞ்சள் பையிலிருந்து ரிஜிஸ்தரை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

மேடம் புரட்டினார். தேதி, நேரம், பக்கம், கையெழுத்து. ஒவ்வொரு அத்தியாயமும் மகள் கையிலிருந்து புறப்பட்டு, அப்பா கைக்கு வந்து, என் கைக்கு வந்து, மறுபடி மகள் கைக்குப் போனது வரிசையாக இருந்தது. குறிப்புப் பத்தியில் ஓரிடத்தில் நின்று வாய்விட்டுப் படித்தார். "முழு ஏடும் என் பெயரில் ஏற்றப்பட்டது. பொடி எழுத்து படிக்கப்படவில்லை. தங்கச்சி டிக்." படித்துவிட்டு நிமிர்ந்து தங்கச்சி யார் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி கையைத் தூக்கினேன்.

இன்னும் இரண்டு பக்கம் முன்னால் போய் மறுபடி நின்றார். இந்த முறை சிரிக்கவில்லை. பக்கம் அறுபத்து மூன்று, குறிப்பு என்று படித்தார். "இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் ஆறு மணி நேரம் தூங்குவதாக உள்ளது. தவறு. நாலு. குறையுடன் சார்ஜ் எடுக்கப்பட்டது."

ஆய்வேட்டின் அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். ஆறு என்றுதான் இருந்தது. முழு ஆய்வும் அந்த ஆறின் மேல்தான் நின்றது. ஆறு தப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அண்ணனைக் கேட்டார். எண்பது பேரும் கிட்டத்தட்ட ஆறு என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

"எழுதிக் குடுப்பாங்க மேடம். படிக்கிற பொண்ணு வந்து கேட்டா, நாலு மணி நேரம்தான் தூங்கறேன், மீதி நேரம் சுவத்தைப் பாத்துகினு கெடக்கறேன்னு எவன் சொல்லுவான்? வெயிலு, ஃபேன் சத்தம், தெருவுல காய்காரன். ஆம்பளைக்குத் தூக்கம் வரலன்னா அது வெளிய சொல்ற விஷயமில்ல."

"உங்க வீட்டுப் படிவத்துல நீங்க எவ்ளோ எழுதினீங்க?"

அண்ணன் மஞ்சள் பையை ஒருமுறை மடித்தார்.

"ஆறுங்க மேடம்."

மகள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிற ஆளைப் பற்றி இப்போதுதான் ஒரு செய்தி கேட்கிற முகம் அது. ஏன்பா என்று கேட்டாள். நீ வருத்தப்படுவியேன்னுதான் பாப்பா, என்றார். பிறகுதான் ரிஜிஸ்தரில் சரியாக எழுதினேனே, நீ குறிப்பைப் படிக்கலையா என்றும் கேட்டார். அவள் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

மேடம் பிளாஸ்க்கைத் திறந்து முதலில் அண்ணனுக்குத்தான் டீ ஊற்றினார். தன் சொந்த ஆய்வேட்டில் தப்பு இருக்கிறது என்று தானே எழுதி வைத்துவிட்டு, அதைத் திருத்தாமலும் விடுகிற ஆளை நான் இந்த இருபது வருஷத்தில் பார்த்ததில்லை, அதனால் இது நீங்கள் எழுதியது இல்லை என்றார். ரிஜிஸ்தரை நகல் எடுத்துப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்குத் தானே கடிதம் எழுதுவதாகச் சொன்னார். ஆனால் இரண்டு நிபந்தனை. அந்தத் தளத்திலிருந்து ஆய்வேடு நீக்கப்பட்டு, மறுபடி சோதித்து, மாதக் கடைசிக்குள் சதவீதம் இறங்கியிருக்கவேண்டும். மகள் சில வீடுகளுக்குத் திரும்பப் போய், தூக்கத்தைப் பற்றி இந்த முறை மனைவிமாரைக் கேட்டு, அறுபத்து மூன்றாம் பக்கத்தைச் சரி செய்யவேண்டும். எட்டு நாள் இருந்தது.

நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவது என் தலையில் விழுந்தது. எழுதி, வழக்கமான தளத்தில் அண்ணனின் மின்னஞ்சல் வழியாக ஏற்றிப் பிழை பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கொடுத்தது. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடத்தையும் கூட்டினாலும் அந்த உயரத்துக்கு நான் ஏறியதில்லை. ஆனால் ஒரு சிக்கல். படைப்பை எழுதியவரே கேட்டால்தான் நீக்குவார்களாம். அதாவது, எழுதியது நானில்லை என்று நிரூபிக்க, எழுதியவன் நான்தான் என்று அண்ணன் எழுதித் தரவேண்டும். அவர் ஒரேயடியாக மறுத்தார். பொய்யில் கையெழுத்துப் போடமாட்டேன், வேண்டுமானால் பொறுப்பில் இருந்தவன் என்று போட்டுக்கொள் என்றார். அப்படியே போட்டேன். தளத்துக்காரர்களுக்கு அது என்ன பதவி என்று தோன்றியதோ, இரண்டாம் நாளே மரியாதையாக நீக்கிவிட்டார்கள். பதிலில் 'டியர் புரொஃபசர்' என்றிருந்தது. அதற்குப் பிறகு பல வருஷம் அந்த மின்னஞ்சலுக்கு, பார்த்தறியாத நாடுகளிலிருந்தெல்லாம், எங்கள் கருத்தரங்குக்கு வந்து தலைமை தாங்குங்கள் என்று அழைப்பு வந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கும் அவர் பதில் போடவில்லை. ஒன்றையும் அழிக்கச் சொல்லவும் இல்லை.

மகள் அந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போனாள். இந்த முறை சமையலறை வழியாக. ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது கடையில் நின்று ஒன்றிரண்டு சொல்வாள், என் நாள்காட்டித் தாள்கள் போதவில்லை. ஓர் அம்மா கேட்டாராம்: "ஆறு மணி நேரமா? கட்டில்ல படுத்துகினு என்னைத் திட்டுற நேரத்தையும் சேத்துட்டாரா?" இன்னொருவர், "அவரு தூங்கிட்டாரான்னு நான் அஞ்சு தடவ எட்டிப் பாப்பேன், அஞ்சு தடவையும் அவரு என்னைப் பாப்பாரு" என்றாராம். சிவப்புத் துண்டுக்கு ஒரு தனிப் பத்தி வந்தது. பஞ்சு வைத்த காலிங் பெல்லுக்கும் ஓர் இடம் கிடைத்தது. திருத்திய பக்கங்களை அவள் கொண்டுவந்தபோது, யாரும் சொல்லாமலே ரிஜிஸ்தரைத் திறந்து, குறிப்புப் பத்தியை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மறுசோதனை வந்தது. பதினொரு சதவீதம். அனுமதிக்குள்தான். அந்தப் பதினொன்றில் பெரிய பங்கு நன்றியுரை. இதயத்தின் அடி ஆழத்திலிருந்து நன்றி என்று தொடங்கும் அதே ஒரு பக்கத்தைப் பத்து வருஷமாக என் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டவுன்ஷிப்பில் பட்டம் வாங்கிய பாதிப் பேருக்கு ஒரே இதயம். மேடத்துக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாள்.

கரும்பச்சை அட்டையில் ஐந்து பிரதி பைண்டிங் முடிந்து என் மேசையில் அடுக்கியிருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மகள் கொண்டுபோக வேண்டும். அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் தடவிப் பார்த்தார், பக்கம் எண்ணினார். அறுபத்து மூன்றைத் திறந்து, நாலு என்று இருந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ரிஜிஸ்தரில் கடைசி வரி எழுதினார். ஐந்து பிரதி, நல்ல நிலை, சார்ஜ் மகளிடம் ஒப்படைப்பு.

அதுவரை அந்த நோட்டைத் தொட்டே பார்க்காத அண்ணி, பேனாவைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். எதற்கு என்று அண்ணன் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் புரட்டிப் புரட்டி, பழைய குறிப்பைக் கண்டுபிடித்தார். நாலு என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார், ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே.

"மூணரை. அதுவும் நான் வாசல்ல உக்காந்து தெருவுல சத்தம் வராம பாத்துகினா."

கீழே தன் பெயரைப் போட்டார். மகள் சிரிக்கத் தொடங்கி அடக்கமுடியாமல் பைண்டிங் மெஷின் மீது சாய்ந்துகொண்டாள். புத்தகத்தில் நாலு என்று அடித்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்யமுடியாது என்றேன் நான். அதை என்னிடம் சொல்லாதே, அவரிடம் சொல் என்றார் அண்ணி.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, அதற்கு நேராக, எடுத்தவர் என்ற பத்தியில் கையெழுத்துப் போட்டார்.